மடியிலிருந்து பிய்த்தெடுத்த குட்டி

அத்திமரக் காட்டில் மரகதம் என்றொரு மந்தி இருந்தது. தன் குட்டி பெரிய அறிவாளியாக வேண்டும் என்பது அதன் ஆசை. ஆசையில் தப்பில்லை. யோசனை கேட்கப் போன இடம்தான் தப்பு!

ஓயாமல் வாயடிக்கும் கிளியிடம் போனது.

"வயித்துல ஒட்டிக்கிட்டே திரிஞ்சா மூளை எப்படிம்மா வளரும்? பிய்ச்சு எடு! தனிக் கிளையில உக்கார வை! நாற்பது பழத்தோட பேரும் நான் சொல்லித் தர்றேன்!" என்றது கிளி. முட்டைக்குள் இருந்தபோதே எல்லாம் படித்து முடித்ததுபோல அப்படியொரு மிடுக்கு!

பிறந்து பத்தே நாளான தன் குட்டி குட்டானை மரகதம் பிய்த்தெடுத்துத் தனியே உட்கார வைத்தது. குட்டான் வீறிட்டு அழுதது. மரகதம் அதைத் தூக்கக் கை நீட்டியது. ஆனாலும், 'அழுதால்தான் அறிவு ஏறும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. சில நாளில் குட்டான் அழுவதையே விட்டுவிட்டது. "பார்த்தாயா, பக்குவம்!" என்று பூரித்தது அந்தப் புத்திசாலித் தாய்.

பக்கத்துக் கிளையில் காத்தாயி என்ற இளம் மந்தி. அதன் குட்டி நாலடி போய் எறும்பைப் பார்க்கும், பயந்து ஓடிவந்து தாயைக் கட்டிக்கொள்ளும், மறுபடி போகும்.

"என்னடி, உண்ணி வளக்குறியா?" என்று மரகதம் சிரித்தது.

"ஓடிவர ஒரு இடம் இருந்தாத்தான் அக்கா, தைரியமா தள்ளிப் போகும்!" என்றது காத்தாயி.

கோடை வந்தது. காட்டில் விளாம்பழம் மட்டுமே மிஞ்சியது. ஓட்டை உடைக்கத் தெரியாத குட்டிக்குப் பட்டினிதான்.

காத்தாயியின் குட்டி பழத்தை உருட்டியது, தட்டியது. கை நழுவியதும் தாயிடம் ஓடி ஒரு நொடி ஒட்டிக்கொண்டது. திரும்பி வந்து பாறையில் ஓங்கி அடித்தது. ஓடு பிளந்தது!

"விளாம்பழம்! விளாம்பழம்!" என்று கத்தியது குட்டான். பேர் சரிதான். ஆனால் பழம் தன் பக்கம் உருண்டதும் நடுநடுங்கிச் சுருண்டுகொண்டது. தொடவே இல்லை. பசியில் வயிறு ஒட்டியிருந்தது. கிளியோ பறந்தே போய்விட்டது.

மரகதம் பதறிப்போய் இரண்டு கைகளையும் விரித்தது. "வாடா என் கண்ணு! அம்மாகிட்ட வா!"

குட்டான் அந்தக் கைகளை வெகுநேரம் பார்த்தது.

"இது என்ன பழம்?" என்று கேட்டது.

மடியைப் பறித்துக்கொண்டு அறிவை ஊட்டப் பார்க்கிறவர்கள், பிள்ளைக்கு இரண்டும் இல்லாமல் செய்துவிடுவார்கள்.