நாப்பது தொட்டி ஊதாக் கோஸ்

கோத்தகிரியில மார்கழி மாசம் வெயில் வர்றதுக்கு முன்னாடியே செவத்தியான் வாய் வந்துரும். ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல பதினாலு வருசமா தோட்டக்காரர். காலையில சமையக்கட்டுப் பின்வாசல்ல டீ டம்ளரைக் கையில வாங்கினாரோ இல்லையோ, ஆரம்பிச்சிருவாரு. கேக்குறதுக்கு ரெண்டே பேரு. சமையல் பண்ற மயிலாத்தா, ஜீப் ஓட்டுற ரஃபீக். அவரு சொல்றதுல ஒரு வார்த்தை நம்ப மாட்டாங்க, ஆனா ஒரு நாள் கேக்காம இருக்கவும் அவங்களால முடியாது.

அந்த வருசம் பேச்செல்லாம் அலங்காரக் கோஸைப் பத்தித்தான். பொரியலுக்குப் போற கோஸ் இல்ல இது. இலை சுருட்டை சுருட்டையா ரோஜாப்பூ கணக்கா விரியும், குளிர்காலத்துல நடு இலையெல்லாம் ஊதாவா மாறும். மத்த பூவெல்லாம் கருகிப்போற நேரத்துல தொட்டியில இது ஒண்ணுதான் நிறமா நிக்கும். தைக் கடைசியில ஓனர் வத்சலா மேடம் பொண்ணுக்குக் கல்யாண வரவேற்பு, அங்கேயேதான். வாசலுக்குப் பூவே வாங்க வேண்டாம், நாப்பது தொட்டி ஊதாவா வச்சுத் தர்றேன்னு செவத்தியான் வாயை விட்டுட்டாரு. மேடம் சரின்னுட்டாங்க. நிறம் வரலேன்னா தோட்டத்தை ஒரு கோயமுத்தூர் கம்பெனிக்கு விட்டுருவேன்னும் சொல்லிட்டாங்க. தோட்டம் போச்சுன்னா அவரு குடும்பத்தோட இருக்குற பின்கட்டு வீடும் போகும்.

மார்கழி பாதி ஆயிருச்சு, நாப்பது தொட்டியும் பச்சைப் பசேல்னு நிக்குது. செவத்தியான் தெனம் நாலு தடவை போய் இலையை விரிச்சு விரிச்சுப் பாக்குறாரு. வாய் மட்டும் கொஞ்சமும் அடங்கல.

"இங்க வர்றதுக்கு முன்னாடி குன்னூர் பங்களா ஒண்ணுல ஒத்தைத் தொட்டி வச்சேன் பாரு, பக்கத்துக் கொடியில காயப்போட்ட வெள்ளை வேட்டியெல்லாம் ஊதாவாயிருச்சு" அப்படின்னாரு ஒரு நாள்.

துவைச்சா போச்சுங்களாங்ணான்னு மயிலாத்தா வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டா.

"எங்க போகும்? வேட்டிதான் நாலு வருசத்துல நைஞ்சு கிழிஞ்சுது. நிறம் அப்படியே கொடியில தொங்கிக்கிட்டு நின்னுச்சு."

அதோட விட்டாரா? மேகம் அந்தத் தொட்டி மேல உரசிக்கிட்டுப் போனதுல மேகமே ஊதாவாயிருச்சாம். அது மேட்டுப்பாளையம் வரைக்கும் இறங்கிப்போய், பொழுது சாஞ்சிருச்சுன்னு நெனச்சு அங்க கோழியெல்லாம் பட்டப்பகல்ல அடைஞ்சிருச்சாம். அப்புறம் செடி வளந்துச்சாம் பாருங்க, வளந்துக்கிட்டே போச்சாம். மழைக்கு ஒரு பஸ்ஸு இலைக்கடியில வந்து ஒதுங்குச்சாம். நாள் போகப் போக ஜனங்க அங்கேயே ஏறி இறங்க ஆரம்பிச்சு, அது ஸ்டாப்பிங்காவே ஆயிப்போச்சாம்.

ரஃபீக்குக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. அத்தனை பெரிய செடியைத் தொட்டி தாங்குச்சாண்ணேன்னு கேட்டான்.

"தொட்டி எங்கடா தாங்குச்சு? செடிதான் தொட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு."

ரஃபீக் டம்ளரைக் கீழ வச்சான். "சரிண்ணே, அப்பேர்ப்பட்ட கை உங்க கை. இங்க ஏன் நாப்பதும் பச்சையாவே நிக்குது?"

செவத்தியானுக்கு விட்டுக்குடுக்க மனசு வரல. நிறம் வரத்தான் ராஜ உபசாரமே பண்றேன்னாரு. உறைபனி விழற மாசத்துல மலையில எல்லாரும் செய்யற மாதிரி, பொழுது சாயறதுக்குள்ள மிலார்ச் செடிக் கொப்பை ஒடிச்சு ஒவ்வொரு தொட்டிக்கும் குடிசை கட்டுறாராம். அது போதாதுன்னு மேல சாக்கு, சாக்குக்கு மேல கம்பளி. ஒரு பொட்டுப் பனி இலையில பட்டதில்லைன்னு நெஞ்சை நிமித்திச் சொன்னாரு.

அந்த நேரம் பாத்து, நர்சரி வச்சிருக்குற கெம்பம்மா எரு மூட்டையோட வந்து நின்னா. நாத்து குடுத்தவளே அவதான். மூட்டையைத் தொப்புனு போட்டா.

"அண்ணா, நாத்து குடுக்குறப்ப நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. குளிர் பட்டாத்தான் இது ஊதாவாகும். அதைப் போய் போத்தி வச்சிருக்கீங்களே. கழட்டிட்டுச் சும்மா விடுங்க."

அவ சொன்னது நெசந்தான். செவத்தியான் காதுலதான் ஏறல. நாத்து வாங்கப் போன அன்னைக்கு அவரு அவளுக்கு வேட்டிக் கதை சொல்லிக்கிட்டு இருந்தாரு.

கெம்பம்மா வந்துட்டுப் போன சாயங்காலமே கொப்பையும் சாக்கையும் அவரு கையாலேயே எடுத்தாரு. முப்பது வருசமா பனின்னா மூடிப் பழகின கை அது. பெத்த புள்ளையைச் சட்டை இல்லாமக் குளிர்ல நிறுத்துற மாதிரி இருந்துச்சு. விடிஞ்சு பாத்தா இலையெல்லாம் உப்புக் கொட்டினாப்ல வெள்ளைப் பனி. போச்சு, வீடும் போச்சுன்னு உக்காந்துட்டாரு.

பத்து நாள்ல நடு இலையில ஒரு கீத்து ஊதா வந்துச்சு. மூணு வாரத்துல நாப்பது தொட்டியும் ஊதாவா விரிஞ்சு நின்னுச்சு. தொட்டிக்குத் தொட்டி நின்னு பாத்தாரு. யாரும் பாக்கலேன்னு உறுதி பண்ணிக்கிட்டு கண்ணைத் தொடச்சுக்கிட்டாரு.

வரவேற்பு அன்னைக்கு மேடம் சம்பந்தி வீட்டாரோட வாசல்ல வந்து அப்படியே நின்னுட்டாங்க. எப்படிச் செஞ்சீங்க செவத்தியான்னு கேட்டாங்க. மயிலாத்தாளும் ரஃபீக்கும் பின்னாடியே நிக்குறாங்க, இவரு என்ன விடப்போறாருன்னு பாக்க. பத்துக் கதை நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. ஆனா வீடு தப்பிச்ச சந்தோசத்துல அவருக்குப் பொய் வரல.

"நான் ஒண்ணுமே செய்யல மேடம். பயந்துபோய் மூடி வச்சு நாந்தான் கெடுத்தேன். அப்புறம் சும்மா விட்டேன், அதுவா வந்துருச்சு."

மேடம் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாங்க. "பதினாலு வருசத்துல நீங்க விட்டதுலயே இதுதான் பெரிய புளுகு. அடுத்த வருசம் நூறு தொட்டி வைங்க" அப்படின்னுட்டு உள்ள போயிட்டாங்க.

செவத்தியானுக்குப் பொசுக்குனு ஆயிருச்சு. வாழ்க்கையில மொத தடவையா உண்மையைச் சொல்லிருக்காரு, சாட்சி வேணாமா? நீங்களாச்சும் சொல்லுங்கப்பான்னு ரெண்டு பேரையும் திரும்பிப் பாத்தாரு.

மயிலாத்தா சிரிப்பை அடக்கிட்டு, பந்திக்குக் கொண்டுவந்த தட்டை அடுக்கிக்கிட்டே சொன்னா, "நம்பற மாதிரி ஏதாச்சும் சொல்லுங்ணா."