வேங்கை மரத்துக் குடித்தனங்கள்

ஜமீன்தாருக்கு அரண்மனையின் பழைய வாசற்கதவு அந்தஸ்துக்குக் குறைச்சலாகப் பட்டது. புதுக் கதவுக்கு மரம் தேடிப் போனவர், காட்டிலேயே பெரிய வேங்கை மரத்தடியில் பல்லக்கை இறக்கச் சொல்லி, அங்கே வாழ்ந்த குறும்பர்களைக் கூப்பிட்டார்.

"இந்த மரத்தை இப்பவே வெட்டுங்கடா. இல்லேன்னா காட்டைவிட்டுக் கிளம்புங்க!"

அவர்களில் தேன் எடுக்கும் மாதி முன்னே வந்தாள்.

"வெட்டுறோம் சாமி. ஆனா எங்க வழக்கம் ஒண்ணு இருக்கு. மரத்துல குடியிருக்கிறவங்களுக்கு, வெட்டச் சொன்னவங்க தங்களோட வீட்டுல இடம் கொடுக்கணும்."

ஜமீன்தார் தொந்தி குலுங்கச் சிரித்தார். "ரெண்டு அணில், நாலு காக்கா! எல்லாம் வந்து என் படுக்கையறையிலேயே தங்கட்டும். ஊரறியச் சொல்றேன், இது என் வாக்கு!"

தனக்கு மேலே எதையும் பார்த்துப் பழகாத மனுஷன்.

மாதி பச்சிலைப் பந்தத்தைப் பற்றவைத்தாள். "கொஞ்சம் அண்ணாந்து பாருங்க சாமி. கிளைக்குக் கிளை மலைத்தேனீக் கூடு. புகைபோட்டுக் கிளப்பிவிடட்டுமா? படுக்கையறை ஜன்னல் திறந்துதானே இருக்கு?"

மேலே கும்மென்று ஒரு இரைச்சல் எழுந்தது.

"அவங்க அங்கேயே இருக்கட்டும்!" என்று அலறிக்கொண்டு, பல்லக்கையும் மறந்து ஓடினார் ஜமீன்தார்.

வேங்கை நின்ற இடத்திலேயே நின்றது. அரண்மனைக்குள் பாய்ந்தவர், தன் கையாலேயே இழுத்துத் தாழ்போட்டது அந்தப் பழைய கதவைத்தான்.