கம்பமும் கயிறும்

மாங்குடி ராஜாவின் சபையில் வாகீசர் என்று ஒரு கணித வித்துவான் இருந்தார். அரண்மனைக்குப் பந்தல் போட வருகிறவர்களிடம் அவர் ஒரு புதிர் போடுவார்; தோற்றவர் ஊரை விட்டே போக வேண்டும்.

"பத்துக் கம்பம், ஐந்து கயிறு. ஒவ்வொரு கயிறும் நேராக ஓடி நாலு கம்பத்தைத் தொட வேண்டும்."

அன்று மாட்டிக்கொண்டவள் பந்தல்காரி சடைச்சி. அவள் ஐந்து கயிறுகளைத் தரையில் நட்சத்திரமாக இழுத்துப் போட்டாள். இரண்டு கயிறு சந்தித்த இடத்திலெல்லாம் ஒரு கம்பம் நட்டாள். எண்ணினால் சரியாகப் பத்து.

வாகீசருக்கு முகம் கறுத்தது. "இப்போது ஐந்து கம்பம், பத்துக் கயிறு. ஒவ்வொரு கம்பத்திலும் நாலு கயிறு சேர வேண்டும். நான் இந்த வெற்றிலையை மென்று முடிப்பதற்குள்."

அவர் சுண்ணாம்பு தடவி முடிப்பதற்குள் ஐந்து கம்பங்கள் வட்டமாக நின்றன. எந்த இரண்டு கம்பத்தைப் பார்த்தாலும் நடுவே ஒரு கயிறு ஓடியது. வெளியே ஐங்கோணம், அதற்குள்ளே அதே நட்சத்திரம், அதன் வயிற்றில் இன்னொரு ஐங்கோணம். சபை தன்னை மறந்து எழுந்து நின்றது.

"எப்படியம்மா?" என்றார் ராஜா, குரல் தாழ்ந்து.

"சாமி பேச்சில கம்பத்தையும் கயித்தையும் இடம் மாத்தினாரு ராசா. நான் தரையில மாத்தினேன். அங்க ரெண்டு கயிறு சேர்ந்தா ஒரு கம்பம். இங்க ரெண்டு கம்பம் சேர்ந்தா ஒரு கயிறு."

"வார்த்தையை மாற்றினால் எல்லாம் நடந்துவிடுமோ?" என்று ஏளனமாகச் சிரித்தார் வாகீசர்.

"தெரியல சாமி. 'வித்துவான் சொல்வார், பந்தல்காரி செய்வாள்'னு இங்க ஒரு வழக்கம் இருக்கு. அதை இன்னும் யாரும் மாத்திப் பார்க்கல."

ராஜா ஒரு கயிற்றை எடுத்து வாகீசரிடம் நீட்டினார்.

"சடைச்சி சொல்வாள்" என்றார்.

பொழுது சாய்ந்தும் முதல் முடிச்சு விழவில்லை.