ஆறாகக் கிழித்த கைடு

கோவில்பட்டியில் இசக்கிமுத்து நடத்தும் தேர்வு வகுப்புக்குச் செண்பகவல்லி போய்ச் சேர்ந்தபோது, மதிய வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்தார்கள். அவளுக்கு முப்பத்தொன்பது வயது. ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். அரசு வேலைக்கான தேர்வை எழுத அவளுக்கு இதுதான் கடைசி வருடம். இதை விட்டால் வயது இடம் கொடுக்காது.

"வணக்கம் சார்."

"யாரு சாரு? இசக்கின்னு கூப்பிட்ட வாய்தானக்கா அது?"

"இன்னைக்குப் படிக்க வந்திருக்கேன். அதான் சார்."

அவன் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"ரெண்டு தடவ வீட்டுலயே தனியா படிச்சு எழுதினேன். போன தடவ ஒன்றரை மார்க்குல போச்சு. இங்க முழுநாள் வகுப்புல சேரணும்னா கடை வேலைய விடணும். நாளைக்குள்ள பதில் சொல்லுன்னு முதலாளி ஒத்தக் கால்ல நிக்காரு. உள்ளதச் சொல்லுங்க சார். வகுப்புக்கு வந்தாத்தான் பாஸாக முடியுமா? வீட்டுல படிச்சாப் போதாதா?"

வகுப்பு நடத்துகிறவனிடமே கேட்கிற கேள்வியா இது! ஆனால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள் கேட்க?

அவன் எழுந்து போனான். பீரோவைத் திறந்து, அட்டையில்லாத பழைய புத்தகத் துண்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான்.

பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பதினான்கு வருடம் ஆகிவிட்டது. இதே தேர்வுக்கு நூலகத்து மாடிப்படியில் அவளும் இசக்கியும் சேர்த்து ஆறு பேர், ஒரே ஒரு கைடு. அதை ஆறாகக் கிழித்து ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். ஞாயிறுதோறும் அவரவர் துண்டை மற்ற ஐந்து பேருக்கும் நடத்த வேண்டும். தப்பாகச் சொன்னவர் எல்லோருக்கும் கடலைமிட்டாய் வாங்கித் தர வேண்டும். அவர்கள் போட்ட சத்தத்துக்கு நூலகர் எத்தனை முறை விரட்டியிருப்பார்! அப்படி ஒரு காலம் இனி வரவா போகிறது?

தேர்வு நடந்த மாதத்தில் அவளுக்குப் பிரசவம். மற்ற ஐந்து பேரும் எழுதித் தேறினார்கள். இசக்கி மட்டும் கிடைத்த வேலையை விட்டுவிட்டு இந்த வகுப்பை ஆரம்பித்தான்.

"இது என் துண்டுல்லா இசக்கி? கணக்கு!"

"ஆஸ்பத்திரிக்குப் போகையில நீங்கதான் எங்கிட்டக் குடுத்திய. இத வச்சுத்தான் இன்னைக்கும் நடத்துதேன்."

அவள் புரட்டினாள். ஓரமெல்லாம் அவள் கையெழுத்து. வட்டிக் கணக்குப் பக்கத்தில், 'இங்கே இசக்கி கேள்வி கேட்டு மடக்குவான், மூன்று விதமாகப் போட்டுப் பார்' என்று எழுதியிருந்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"கடை எத்தனை மணிக்குக்கா?"

"ஒன்பதரைக்கு."

"அப்ப வேலைய விடாண்டாம். காலையில ஆறு மணிக்கு ஒரு வகுப்பு இருக்கு. நாப்பது பேரு. நாளைக்கே வாங்க."

"எந்த பெஞ்சுல உக்கார?"

"கணக்குக்கு நீங்க உக்காரக் கூடாது, நடத்தணும். மத்த பாடத்துக்கு உக்காந்து, நடத்துறவங்கள மடக்குங்க."

சாக்பீஸை எடுத்து அவள் கையில் வைத்தான். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"விளையாடாத இசக்கி. எனக்கு இது கடைசி வாய்ப்பு. நாப்பது பேருக்கு நடத்திக்கிட்டிருந்தா நான் எப்பப் படிக்க?"

அவன் வட்டிக் கணக்குப் பக்கத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

"அன்னைக்கு எங்க அஞ்சு பேருக்கு நடத்தினியளே, எப்பக்கா படிச்சிய?"