மோந்து பார்க்கத் தடை

மனிதர் காலடி படாத ஒரு காட்டில் வேட்டைநாய்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. சிரிக்காதீர்கள் பிள்ளைகளே, உண்மையாகவே இருந்தது. அகில வன வேட்டைநாய்ச் சங்கம் என்று பெயர். மலைக்கு மேலே ஒரு கிளை, மலையடிவாரத்தில் ஒரு கிளை, தலைமையிடம் ஆற்றங்கரைப் பெரிய பாறை. தலைவர் உண்டு, செயலாளர் உண்டு, ஆண்டுக்கொரு முறை அழகுப் போட்டியும் உண்டு. வேட்டை மட்டும்தான் இல்லை. கூட்டம் போடவே பொழுது சரியாக இருந்தால் முயலை யார் துரத்துவது?

தலைவர் பெயர் செம்பன். நல்லவர்தான், குறை சொல்ல முடியாது. விதி என்றால் உயிரையே கொடுப்பார். சொந்தமாக யோசிக்கச் சொன்னால் மட்டும் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

செயலாளர் பெயர் மணிவாயர். "மலைக்கு அப்பால் உள்ள கிளையிலிருந்து வருகிறேன்" என்று ஒரு மழைக்காலத்தில் வந்து சேர்ந்தவர். அப்படி ஒரு கிளை உண்டா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தால் தேன் ஒழுகும். அடுத்த மழைக்காலத்துக்குள் செயலாளர் ஆகிவிட்டார்.

நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும் என்பார்கள். மணிவாயர் ஒரு நாளும் குரைத்ததில்லை. கேட்டால், "பெரிய இடத்து நாய்கள் குரைப்பதில்லை" என்பார். கேட்டவர்களும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வார்கள்.

அந்தச் சங்கத்தில் எந்தத் தீர்மானமும் வாலால்தான் நிறைவேறும். சம்மதம் என்றால் வாலைத் தூக்க வேண்டும். இல்லையென்றால் தொங்கவிட வேண்டும். தூக்கிய வால்களை எண்ணுவது செயலாளர் வேலை. எண்ணுகிறவர் ஆயிற்றே என்று அவர் மட்டும் வாலைத் தூக்குவதில்லை.

மணிவாயர் கொண்டுவந்த முதல் தீர்மானம் இதுதான்.

"நண்பர்களே, பார்த்த இடத்தில் எல்லாம் ஒருவரை ஒருவர் மோந்து பார்க்கிறோமே, இது என்ன பழக்கம்? அதுவும் பின்பக்கமாகப் போய். மயில் இப்படிச் செய்கிறதா? குயில் செய்கிறதா? நாலு பேர் பார்த்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்?"

நாய்களுக்கு மானம் போயிற்று. பிறந்ததிலிருந்து செய்துவந்த காரியம் அன்றைக்குத் திடீரென்று அசிங்கமாகிவிட்டது. எல்லா வாலும் எழுந்தன. இனி யாரும் யாரையும் மோந்து பார்க்கக் கூடாது, பார்த்தால் சங்கத்திலிருந்து நீக்கம் என்று முடிவாயிற்று.

நாய்க்கு மூக்கை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது சொல்லுங்கள். ஆனால் அன்றைக்குச் சொல்ல ஆள் இல்லை.

அடுத்ததாக, தூய வேட்டைநாய்க்கு இலக்கணம் வகுத்தார்கள். வகுத்தவரும் மணிவாயர்தான். காது நிமிர்ந்து நிற்க வேண்டும். மூஞ்சி கூராக இருக்க வேண்டும். கால் குட்டையாக, வால் புசுபுசுவென்று இருக்க வேண்டும்.

நாய்கள் ஆற்றில் தங்கள் நிழலைப் பார்த்தன. மடிந்த காது, நெடுநெடுவென்ற கால், சாட்டைபோல் மெலிந்த வால். ஐயோ, நாம் இவ்வளவு மட்டமான பிறவிகளா என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அதற்கும் வாலைத் தூக்கின. காடு முழுவதும் தேடியும் இலக்கணத்துக்கு அச்சாகப் பொருந்தியவர் ஒரே ஒருவர்தான். அது செயலாளர். என்ன பொருத்தம் பாருங்கள்!

மூன்றாவதாக வந்தது குட்டிகள் தீர்மானம். இலக்கணத்துக்குப் பொருந்தாத குட்டிகளை ஆற்றுக்கு அக்கரையில் உள்ள திருத்தப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும்.

"நானே கூட்டிப்போய், நானே பயிற்சி கொடுத்து, காதை நிமிர்த்தி, வாலைப் புசுபுசுவாக்கித் திருப்பி அனுப்புகிறேன்" என்றார் மணிவாயர்.

தன் வீட்டு வேலையை எல்லாம் விட்டுவிட்டு ஒருவர் இப்படிப் பாடுபடுகிறாரே என்று நாய்களுக்குக் கண் கலங்கியது. அந்தத் தீர்மானமும் நிறைவேறியது.

இந்தக் கூட்டத்தில் மயிலி என்று ஒரு தாய்நாய் இருந்தாள். சாம்பல் நிறம், அமைதியான சுபாவம். யார் எதைச் சொன்னாலும் தட்ட மாட்டாள். மூன்று தீர்மானத்துக்கும் பக்கத்தில் இருந்தவர்களைவிட உயரமாக அவள்தான் வாலைத் தூக்கினாள்.

மயிலிக்கு இரண்டு குட்டிகள், சுருட்டை, பொட்டு. போன கூட்டத்தில் சுருட்டையின் காது மடிந்திருக்கிறது என்று அக்கரைக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். எல்லாம் அவன் நல்லதுக்குத்தான் என்று மயிலி மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு செயலாளரைக் கண்டபோதெல்லாம், "ஐயா, என் பிள்ளை எப்படி இருக்கிறான்?" என்று கேட்பாள்.

"அவனுக்கென்ன அம்மா, என்னை விட்டுப் பிரியவே மாட்டேன் என்கிறான்" என்பார் மணிவாயர்.

"எப்போது வருவான்?"

"காது நிமிர நாளாகும். அவசரப்பட்டால் ஆகுமா?"

இதுவரை போன குட்டிகளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. எந்தக் காதும் இன்னும் நிமிரவில்லை போலும் என்று எல்லாத் தாய்மாரும் காத்திருந்தார்கள். பக்கத்துப் புதரில் இருந்த செவலி என்பவளின் ஒரே மகனும் அக்கரையில்தான் இருந்தான்.

அழகுப் போட்டி நாள் வந்தது. காடு முழுவதிலிருந்தும் நாய்கள் பாறையடியில் கூடின. அசையாமல், குரைக்காமல், மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றன. தூங்குகிறவர்களுக்கும் இவர்களுக்கும் ஒரே வித்தியாசம், இவர்கள் கண் திறந்திருந்தது.

மணிவாயர் அன்று அக்கரையிலிருந்து நீந்தி வந்து சேர்ந்தார். உடம்பெல்லாம் ஈரம். எப்போதும் காட்டுத்துளசிப் புதரில் புரண்டு கமகமவென்று வருகிறவர், அன்று நேரமாகிவிட்டதே என்று புரளாமலே வந்துவிட்டார். இனி இவர்கள் என்ன கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்ற துணிச்சல்தான்.

பொட்டுவின் முறை வந்தது. மணிவாயர் அவனைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் பாறை மேல் ஏறினார்.

"வால் மெலிவு. பள்ளிக்கு அனுப்ப வேண்டியதுதான்" என்றார்.

"விதிப்படி ஆகட்டும்" என்றார் தலைவர் செம்பன்.

மயிலிதான் எதையும் தட்டாதவளாயிற்றே. குட்டியைக் கவ்விக் கொண்டுபோய்ச் செயலாளரின் காலடியில் வைத்தாள். பொட்டு அவள் காலைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றான். அவனை விலக்கி விடுவதற்காக அவள் குனிந்தாள். மணிவாயரும் குட்டியைக் கவ்வக் குனிந்தார். இருவர் முகமும் அருகருகே வந்தன.

அவள் மோந்து பார்க்கவில்லை. மூச்சுதான் விட்டாள். மூச்சுக்குத் தடை விதிக்க முடியாதே.

மூச்சோடு சேர்ந்து வாடை உள்ளே போயிற்று. ஈர மண் வளையின் வாடை, அழுகிய நண்டு வாடை, நரி வாடை. அதற்கும் அடியில், அந்த மீசை மயிரில், பால் மணம் மாறாத ஒரு குட்டியின் வாசம். பெற்றவளுக்குத் தெரியாதா? அது சுருட்டையின் வாசம். அதோடு ரத்த வாசமும் இருந்தது.

மயிலி அப்படியே நின்றுவிட்டாள். 'என்னை விட்டுப் பிரியவே மாட்டேன் என்கிறான்' என்று அவர் சொன்னது காதில் ஒலித்தது. பெற்ற பிள்ளையைத் தானே வாலைத் தூக்கி அனுப்பினோமே, இப்போது இன்னொருவனையும் கவ்விக் கொண்டுவந்து கொடுத்தோமே என்று நினைத்தாள்.

அவள் மூக்கு துடிப்பதை மணிவாயர் பார்த்துவிட்டார். நரிக்குப் புத்தி சொல்லியா கொடுக்க வேண்டும்? முந்திக்கொண்டார்.

"தலைவரே, அநியாயம். பட்டப்பகலில், இத்தனை பேர் நடுவில், மயிலி என்னை மோந்து பார்த்தாள்."

கூட்டம் ஸ்தம்பித்தது. ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. ஒரு நாய் காதைப் பொத்திக்கொண்டது. இன்னொன்று தன் குட்டியின் கண்ணை மூடியது.

"மயிலியா? நம் மயிலியா?" என்றார் செம்பன்.

மயிலி வாயைத் திறந்தாள். இவன் நரி, என் பிள்ளையைத் தின்றவன் என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சுற்றிலும் பார்த்தாள். அத்தனை கண்களும் அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு கண்கூடச் செயலாளர் பக்கம் திரும்பவில்லை. இவர்களிடம் நரி என்றால், எப்படித் தெரியும் என்பார்கள். மோந்தேன் என்றால், பார்த்தீர்களா ஒப்புக்கொண்டாள் என்பார்கள். அந்தச் சந்தடியிலே நரி பொட்டுவைக் கவ்விக்கொண்டு ஆற்றில் இறங்கிவிடும்.

பொட்டு இன்னும் அந்த நரியின் முன்னங்கால்களுக்கு நடுவேதான் இருந்தான்.

"உண்மைதான் தலைவரே, மோந்து பார்த்தேன்" என்றாள் மயிலி. "என்னை நீக்கிவிடுங்கள். ஆனால் விதிப்படி நீக்குங்கள். நீக்கும் விதியை நீங்கள்தானே எழுதினீர்கள், ஒரு முறை சொல்லுங்கள்."

செம்பனுக்கு அந்த வேதனையிலும் ஒரு பெருமை. இதுவரை யாரும் நீக்கப்பட்டதே இல்லை, அதனால் அவருடைய விதிக்கு வேலையே வந்ததில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஓர் உறுப்பினரை நீக்க வேண்டுமானால் சங்கத்தின் எல்லா வாலும் எழ வேண்டும். ஒரு வால் கீழே இருந்தாலும் தீர்மானம் செல்லாது. தலைவர், செயலாளர் என்று யாருக்கும் விலக்கு இல்லை."

"அப்படியானால் எல்லாரும் தூக்குங்கள்" என்றாள் மயிலி.

மணிவாயரின் கூர்மூஞ்சி சற்றே தாழ்ந்தது. "நான் எண்ணுகிறவன் ஆயிற்றே" என்றார்.

"இன்றைக்கு நான் எண்ணுகிறேன்" என்றார் செம்பன்.

"எனக்கு வாலில் சுளுக்கு தலைவரே. நீந்தி வந்ததில் பிடித்துக்கொண்டது."

"அப்படியென்றால் தீர்மானம் செல்லாது. மோந்து பார்த்தவள் சங்கத்தில் இருப்பாள். நாளைக்கும் மோந்து பார்ப்பாள். உங்களுக்குச் சம்மதமா?"

இப்படி ஒரு வினாவைச் செம்பன் வாழ்நாளில் கேட்டதில்லை. அன்றைக்கும் அவர் யோசித்துக் கேட்கவில்லை, விதியை நினைத்துத்தான் கேட்டார். நரி இங்கும் பார்த்தது, அங்கும் பார்த்தது. எல்லா வாலும் எழுந்து நின்றன. கீழே இருந்தது தன்னுடையது மட்டும்தான். நாளைக்கும் மோந்து பார்க்கக்கூடிய ஒருத்தியை விட்டுவைக்க முடியுமா? ஒரு நொடிதானே, தூக்கி இறக்கிவிடலாம் என்று வாலைத் தூக்கியது.

வாலைத் தூக்கினால் என்ன ஆகும் என்று நாய்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். உங்களுக்கு வேண்டுமானால் சொல்கிறேன். பிராணிகளின் சொந்த வாடை எல்லாம் வாலடியில்தான் இருக்கிறது. நாய்கள் அங்கே போய் மோந்து பார்ப்பது அதனால்தான். ஈரம் வேறு, காற்று வேறு, அதுவும் பாறை மேல். வாடை அலையாகக் கிளம்பிக் கூட்டம் முழுவதும் பரவியது.

யாரும் மோந்து பார்க்கவில்லை. விதியை ஒருவரும் மீறவில்லை. வானத்தைப் பார்த்துத் தூக்கியிருந்த மூக்குகளில் அது தானாகவே வந்து ஏறியது.

எழுந்த வால்கள் ஒவ்வொன்றாய் இறங்கின. செவலிதான் முதலில் பேசினாள்.

"அக்கா, இது நரி" என்றாள். பிறகு, "அப்படியானால் என் பிள்ளை?" என்றாள்.

மயிலி பாய்ந்து பொட்டுவின் பிடரியைக் கவ்வி இழுத்துக்கொண்டாள். நரி பாறையிலிருந்து ஆற்றில் குதித்தது. நெடுநெடுவென்ற கால்கள் எதற்குப் படைக்கப்பட்டன என்று வேட்டைநாய்களுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. குட்டைக் கால் எவ்வளவு தூரம் ஓடும்? அக்கரை மணலிலேயே நரியின் கதை முடிந்தது.

நாய்கள் திருத்தப் பள்ளியைத் தேடிப் போயின. பள்ளி எங்கே இருந்தது? ஒரு மண்வளை இருந்தது. அதன் வாசலில் சின்னச் சின்ன எலும்புகள் குவிந்து கிடந்தன. தாய்மார்கள் ஒவ்வொருவராக அதன் அருகே போய்க் குனிந்து மோந்து பார்த்து, தங்கள் பிள்ளை இருப்பதை அறிந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் யாரையும் தடுக்கவில்லை.

செம்பன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மயிலியின் பக்கம் வந்தார்.

"இப்படி ஒரு கொடுமை நடக்கிறது என்று யாருக்குத் தெரியும் மயிலி?" என்றார்.

"மூக்கு இருந்த எல்லாருக்கும் தெரிந்திருக்கும் தலைவரே" என்றாள் மயிலி. "என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்."

நீதி: தன்னைச் சோதிக்கக் கூடாது என்று சட்டம் கொண்டு வருகிறவனைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.