பூவிழியின் சத்தமில்லாத பிறந்தநாள்

கொளத்தாம்வலசு என்று ஓர் ஊர் இருக்கிறது. பஸ் அங்கே நிற்கும். ஆனால் டிரைவர் வழி கேட்க மட்டும் இறங்க மாட்டார். கேட்டால் ஊர்க்காரர்கள் சொல்லிவிடுவார்கள் என்று பயம்.

அந்த ஊரில் செங்கோடன், பொன்னாண்டான், நாச்சிமுத்து என்று மூன்று அண்ணன் தம்பிகள். தங்கமானவர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள், அதுதான் சங்கடம். தங்கை மரகதத்தின் கல்யாணத்தன்று, "மாப்பிள்ளை வர்ற வரைக்கும் வாசலை விட்டு நகரக் கூடாது" என்று அப்பா சொல்லியிருந்தார். மாப்பிள்ளை துரைசாமி பக்கத்துக் கதவு வழியாக மண்டபத்துக்குள் போய்விட்டார். தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, பந்தல் பிரிக்க ஆள் வந்தபோதும் மூன்று பேரும் பன்னீர்ச் சொம்போடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

மரகதம் இப்போது டவுனில் குடியிருக்கிறாள். மகள் பூவிழிக்கு அன்றைக்கு ஐந்து வயது நிறைகிறது. கெட்டிக்காரக் குழந்தை, ஆனால் சத்தம் ஆகாது. மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்திக்கொள்வாள். நாலு பேர் சேர்ந்து சிரித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். மூன்று வருஷமாக அவளுடைய பிறந்தநாள் கேக்கை அவள் அப்பாதான் வெட்டுகிறார். வாழ்த்துச் சொல்ல வருகிறவர்கள் தரையில் குப்புறப் படுத்துத்தான் சொல்ல வேண்டும்.

இந்த வருஷமாவது அவள் கையாலேயே கேக் வெட்டிவிட வேண்டும் என்று மரகதம் ஒரு மாதமாகப் பாடுபட்டாள். பாலர் பள்ளி டீச்சரிடம் கேட்டு, இப்படிப்பட்ட பிள்ளைகளை மிரளாமல் விளையாட வைப்பது எப்படி என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். தெருப்பிள்ளைகளில் ஐந்து பேரை மட்டும் அழைத்தாள். துரைசாமிக்கு மில்லில் ஆறரை மணி வரை வேலை. கேக் வாங்க அவள்தான் போக வேண்டும். வீட்டில் இருந்தவர்கள், புதுப் பாவாடையும் வாழைத்தாருமாக ஊரிலிருந்து வந்திருந்த மூன்று அண்ணன்கள்.

"அண்ணா, இந்தத் தாள்ல இருக்கிறபடி பிள்ளைகளை விளையாட வெச்சுட்டு இருங்க. அரை மணி நேரத்துல வந்துடறேன். இதுல இல்லாதது எதையும் பண்ணிடாதீங்க."

"இல்லாததை எப்படிப் பண்றது?" என்றான் மூத்தவன் செங்கோடன்.

மரகதம் வாசல் வரை போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். இருந்தாலும் போனாள்.

தாளின் முதல் வரி, பலூன் வெடிக்கக் கூடாது என்றது.

"காத்து ஊதினாத்தானே வெடிக்கும்" என்றான் நடுவன் பொன்னாண்டான்.

"ஊதாத பலூன் வெடிச்சு நான் பார்த்ததில்லை" என்று சின்னவன் நாச்சிமுத்து ஒப்புக்கொண்டான்.

ஐம்பது பலூனையும் ஊதாமலே நூலில் கோத்துக் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார்கள். முதலில் வந்த பையன் அண்ணாந்து பார்த்து, "மாமா, இது மிளகாயா?" என்று கேட்டான்.

"பலூன்பா. பத்திரமா இருக்குது."

அடுத்த வரி மூச்சுப் பயிற்சி. நாலு எண்ணும்வரை மெதுவாக மூச்சை இழுக்க வேண்டும், நாலு எண்ணும்வரை மெதுவாக விட வேண்டும், பெரியவர் ஒருவர் முதலில் செய்து காட்ட வேண்டும். செங்கோடன் நடுக்கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பிள்ளைகள் ஆறு பேரும் எதிரே உட்கார்ந்தார்கள். பொன்னாண்டான் எண்ணினான்.

"ஒண்ணு."

செங்கோடன் இழுக்க ஆரம்பித்தான். பொன்னாண்டானுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

"ஏன்டா தம்பி, மெதுவான்னா எவ்வளவு மெதுவா?"

"பருப்பு வேகிற அளவுக்குன்னு வெச்சுக்கலாம்ணா."

"எந்தப் பருப்பு? பாசிப்பருப்பு சீக்கிரம் வெந்துடும்."

"அப்போ துவரம்பருப்பு."

"ஊறப்போட்டதா, ஊறப்போடாததா?"

செங்கோடனின் மார்பு தவில் மாதிரி ஆகியிருந்தது. கண் இரண்டும் சிவந்துவிட்டன. எண்ணாமல் விடக் கூடாது என்று அவனும் இழுத்ததை அப்படியே வைத்திருந்தான். ஊறப்போட்ட துவரம்பருப்பு என்று பேசி முடித்து பொன்னாண்டான் "ரெண்டு" என்றபோது, அண்ணன் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டான்.

அதற்கும் தாளில் வழி இருந்தது. தாங்க முடியாமல் போகிறவர்களுக்கு ஓர் அமைதி மூலை வேண்டும். அவர்களாக எழுந்து வரும்வரை யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. பீரோவுக்குப் பக்கத்தில் மரகதம் பாயும் தலையணையும் துணிக்கரடியும் வைத்திருந்தாள். செங்கோடனைப் படுக்கவைத்து, கரடியைக் கையில் கொடுத்தார்கள். பூவிழி தன்னுடைய சின்னப் போர்வையைக் கொண்டுவந்து அவன் முழங்கால் வரை போர்த்தினாள். அதற்கு மேல் அது எட்டவில்லை.

"பெரிய மாமாவுக்கும் சத்தம் ஆகாதா?" என்று மெல்லக் கேட்டாள்.

"எண்ணிக்கை ஆகலை அம்மிணி" என்றான் பொன்னாண்டான்.

பிறகு நாற்காலி ஆட்டம். பாட்டு நிற்கும்வரை சுற்றி நடக்க வேண்டும். நின்றதும் உட்கார வேண்டும். ஆனால் ஒரு நாற்காலியையும் எடுக்கக் கூடாது, யாரையும் தோற்கவிடக் கூடாது. ஆறு பிள்ளைகளுக்கு ஆறு நாற்காலி. அதன் கீழேயே, சத்தம் கூடவே கூடாது என்று இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தது.

"பாட்டு சத்தத்துல சேருமா, சேராதா?"

"நீங்க பாடினா சேரும்ணா."

"ரேடியோவை மெதுவா வெச்சுட்டா?"

"மெதுவான்னா எவ்வளவு மெதுவா?"

பொன்னாண்டான் மூலையில் கிடந்த அண்ணனைப் பார்த்தான். அந்தப் பேச்சை மறுபடி எடுக்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

"பாட்டே வேண்டாம். பிள்ளைகளா, நடங்க."

பிள்ளைகள் நடந்தார்கள். ஒரு சுற்று, நாலு சுற்று, பத்துச் சுற்று. போடாத பாட்டு எங்கே நிற்கப்போகிறது? ஆனால் ஒருவரும் முண்டவில்லை, இடிக்கவில்லை, அழவில்லை. பூவிழி ஒவ்வொரு நாற்காலி முதுகையும் விரலால் தொட்டுத் தொட்டு, தனக்குள் சிரித்துக்கொண்டே போனாள்.

அந்த நேரம் பார்த்து கேஸ் சிலிண்டர் போடுகிற மயில்சாமி தோளில் சிலிண்டரோடு வாசலில் வந்து நின்றார். வந்திருக்கிற எல்லோரையும் ஆட்டத்தில் சேர்க்க வேண்டும் என்றும் தாளில் இருந்தது. பொன்னாண்டான் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து வட்டத்தில் போட்டான்.

"வாங்க, நடங்க."

"எனக்கு இன்னும் எட்டு வீடு இருக்குதுங்க."

"பாட்டு நின்னதும் போயிடலாங்க."

மயில்சாமி காதைத் தீட்டிக் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை. சிலிண்டரோடு அலைந்து அலைந்து தனக்குத்தான் காது மந்தமாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு நடந்தார். நாச்சிமுத்து கொஞ்சம் யோசித்தான்.

"அண்ணா, சிலிண்டரும்தானே வந்திருக்குது?"

அதற்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். அதனால் நடக்க முடியாதாகையால் முன்கூட்டியே உட்காரவைத்தார்கள்.

மரகதம் கேக்கோடு திரும்பியபோது மணி ஆறேகால். பேக்கரியில் கூட்டம். தலைக்கு மேலே மிளகாய்த் தோரணம், மூலையில் கரடியோடு பெரியண்ணன், கூடத்தில் சுற்றிச் சுற்றி நடக்கிற மயில்சாமி, எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கத்தத்தான் வாயெடுத்தாள். பிறகு பூவிழியைப் பார்த்தாள். மகள் கூடத்தில் இருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். மரகதம் வாயை மூடிக்கொண்டாள்.

கேக்கை மேசையில் வைத்து ஐந்து மெழுகுவத்தி நட்டாள். "பூவிழி, வா கண்ணு. கேக் வெட்டலாம்."

"பாட்டு இன்னும் நிக்கலைம்மா."

"நின்னுடுச்சும்மா."

பூவிழி நடந்துகொண்டே கேட்டாள். "நின்னுடுச்சா மாமா?"

பிள்ளைகளிடம் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்பது தாளின் கடைசி வரி.

"இல்லையே அம்மிணி" என்றான் பொன்னாண்டான்.

ஏழு மணிக்குத் தெருப்பிள்ளைகளைக் கூட்டிப் போக அம்மாமார்கள் வந்துவிடுவார்கள். அத்தனை பேரும் பேச ஆரம்பித்தால் பூவிழி எங்கே இருப்பாள் என்று மரகதத்துக்குத் தெரியும். கேக்கின் ஓரத்தில் ரோஜாப்பூ ஒன்று உருகிச் சாய்ந்துகொண்டிருந்தது.

"அண்ணா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். அந்தப் பாட்டை எப்படியாவது நிறுத்துங்க."

"அதைப் போட்டாத்தான் நிறுத்த முடியும்" என்றான் பொன்னாண்டான்.

"போடக் கூடாதுன்னு நீயே ரெண்டு கோடு போட்டிருக்கிறே" என்றான் நாச்சிமுத்து.

மூலையிலிருந்து செங்கோடனின் குரல் வந்தது. அவனிடம்தான் யாரும் பேசக் கூடாது. அவன் பேசலாம்.

"பியூஸைப் பிடுங்கிட்டா எந்தப் பாட்டும் ஓடாது."

தம்பிகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் அண்ணன்தான். நாச்சிமுத்து வாசலுக்குப் போய் மெயின் பாக்ஸைத் திறந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கினான். விளக்கு அணைந்தது. காத்தாடி நின்றது.

"பாட்டு நின்னுடுச்சு" என்று பொன்னாண்டான் இருட்டில் அறிவித்தான்.

ஆறு பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். மயில்சாமியும் அப்பாடா என்று உட்கார்ந்தார். ஒருவர்கூட நிற்கவில்லை, ஒருவர்கூடத் தோற்கவில்லை. மரகதம் மெழுகுவத்திகளை ஏற்றினாள். பூவிழி எழுந்து வந்தாள். சின்ன வெளிச்சத்தில் எல்லா முகங்களும் அமைதியாக இருந்தன. கை தட்டினால் சத்தம் வருமென்று மாமன்கள் உள்ளங்கைகள் ஒன்றையொன்று தொடாமல் தட்டினார்கள். பூவிழி கத்தியைப் பிடித்து, தன் கையாலேயே, கேக்கை நடுவில் வெட்டினாள். அம்மாவுக்கு ஒரு துண்டு, பெரிய மாமாவுக்கு ஒரு துண்டு, கரடிக்கு ஒரு துண்டு.

மரகதம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதைப் பார்த்த நாச்சிமுத்து, மூலையில் மரகதத்துக்கும் இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்து படுக்கச் சொல்லி அண்ணனிடம் கேட்கலாமா, அதுவும் பேச்சுக் கொடுத்ததாகிவிடுமா என்று யோசித்தான்.

அந்த நேரத்தில் துரைசாமி வேலை முடிந்து வந்தார். தெருவெல்லாம் வெளிச்சம், தன் வீடு மட்டும் இருட்டு. மெயின் பாக்ஸ் திறந்து கிடந்தது, பியூஸ் கட்டை அதன் மேலே இருந்தது. எடுத்து மாட்டினார். விளக்கு எரிந்தது. காத்தாடி சுற்றியது.

துரைசாமி உள்ளே காலெடுத்து வைத்தார். கையில் கேக்கோடு ஆறு பிள்ளைகளும் எழுந்து நாற்காலிகளைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். மயில்சாமி ஒரு பெருமூச்சு விட்டு அவர்களுக்குப் பின்னால் நடந்தார். சிலிண்டர் உட்கார்ந்திருந்தது.

"என்ன நடக்குது இங்கே?" என்றார் துரைசாமி.

"நீங்க பியூஸ் போட்டீங்க இல்லீங்களா மாப்பிள்ளை, பாட்டு மறுபடி ஆரம்பிச்சிடுச்சுங்க" என்றான் பொன்னாண்டான்.

துரைசாமி கொஞ்ச நேரம் உற்றுக் கேட்டார்.

"என்ன பாட்டு?"

பொன்னாண்டான் நாச்சிமுத்துவைப் பார்த்தான். நாச்சிமுத்து மூலையைப் பார்த்தான். செங்கோடன் போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டான்.

"தெரியலைங்க மாப்பிள்ளை. இன்னும் போடவே இல்லை."