மூன்றாம் கட்டிலுக்கு மேலே

“மேடம், அந்த மூணாம் கட்டிலுக்கு மேல ஏசிக் காத்து வர்ற டிஃப்யூசரைக் கழட்டிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க. இல்லன்னா என்னையக் கழட்டி விட்டுருங்க.”

பம்ப் அறையில் குந்தியிருந்து நட்டை முறுக்கிக்கொண்டிருந்த செல்வநாயகி தலையைத் தூக்கவில்லை.

“அது என்ன செஞ்சுது அண்ணாச்சி?”

“ஏமாத்துது.”

ஞானப்பிரகாசத்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பாதி ஆயுளை ஆம்னி பஸ் ஏசிக்குள் கையை விட்டே கழித்தவர். பஸ் கம்பெனி மூடிய பிறகு, பாளையங்கோட்டையில் இந்த ஆஸ்பத்திரிக்கு ஏசி வேலைக்கு வந்தார். செல்வநாயகி இங்கே அவருக்கு மேலதிகாரி. வயதில் ரொம்ப இளையவர். ஆனால் கட்டடத்துக் காற்றைப் பற்றி ஞானப்பிரகாசத்துக்குத் தெரிந்ததெல்லாம் செல்வநாயகி சொல்லிக்கொடுத்ததுதான். குரு என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. மனசுக்குள் அப்படித்தான்.

“எப்படி ஏமாத்துது?”

“குளிருதுன்னு சொல்லுதாங்க. ஏறிப் பாக்கேன். ஆன்னு திறந்து கெடக்கு. குளிரைக் குறைக்கத் திருகைத் திருப்பிட்டு இறங்குதேன். கொஞ்ச நேரத்துல புழுங்குதுங்காங்க. ஏறிப் பாக்கேன். அப்பவும் ஆன்னுதான் திறந்து கெடக்கு! திறந்து கெடந்தா எப்படி மேடம் புழுங்கும்? நான் எதை நம்ப?”

“தூசி இருக்கா?”

“பிரஷ் போட்டுத் துடைச்சாச்சு.”

“உள்ள இருக்க குமிழு?”

“அதையும் மாத்தியாச்சு.”

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறுதிய?”

ஞானப்பிரகாசம் விரல்விட்டு எண்ணப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார்.

செல்வநாயகி இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். ஞானப்பிரகாசத்தின் கண்கள் சிவந்திருந்தன. தூங்கி நாளாகியிருக்க வேண்டும்.

“கட்டில்ல யாரு?”

“உச்சிமாகாளி.”

உச்சிமாகாளி, ஞானப்பிரகாசம் வேலை பார்த்த அதே கம்பெனியில் பஸ் ஓட்டியவர். ஒரே தட்டில் சாப்பிட்ட பழக்கம். இப்போது இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ்.

“போன சனிக்கிழமை குளிர்ல கை உதறிட்டு மேடம். ஊசி குத்துன கை. மெஷின் கத்திச்சு. கையை ஆட்டாதீங்கன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தாங்க. அவன் என்ன வேணும்னா ஆட்டுதான்? பாதியிலயே நிறுத்திட்டாங்க. உடம்புல தேங்குன தண்ணியோட வீட்டுக்குப் போனவன், மறுநாள் மூச்சு முட்டித் திரும்பி வந்தான். இன்னிக்கும் நின்னுபோச்சுன்னா…”

செல்வநாயகி ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“ஏணியை எடுங்க.”

*

டயாலிசிஸ் வார்டு வாசலில் உச்சிமாகாளியின் மனைவி தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணே, அந்த ஏசியக் கொஞ்சம் பாருங்கண்ணே.”

“பாக்கேன் தாயி.”

சனிக்கிழமையும் அவள் இதையே கேட்டாள். அவரும் இதையேதான் சொன்னார்.

உள்ளே, மூன்றாம் கட்டிலில் உச்சிமாகாளியின் இடது கையிலிருந்து இரண்டு குழாய்கள் மெஷினுக்குப் போயின. ஒன்றில் ரத்தம் போனது. ஒன்றில் திரும்பி வந்தது. கையில் மயிர் குத்திட்டு நின்றது.

“என்னவே ஞானம்,” என்று உச்சிமாகாளி சிரிக்கப் பார்த்தார். “இன்னிக்கு ஊட்டியா, கொடைக்கானலா?”

பல் தந்தியடித்தது.

ஞானப்பிரகாசம் அவசரமாக ஏணியை விரித்தார். செல்வநாயகி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

“அண்ணாச்சி, இது எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லிட்டு ஏறுங்க.”

“நீங்க சொல்லிக் குடுத்ததுதான மேடம்!”

“மறந்துட்டேன்னு வச்சுக்கிடுங்க.”

இதென்ன நேரங்காலம் தெரியாத பரீட்சை என்று அவருக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் சொன்னார்.

“உள்ள சின்னதா ஒரு செம்புக் குமிழு. அதுக்குள்ள மெழுகு. அறை சூடானா மெழுகு உப்பும், தகட்டைத் தள்ளித் திறக்கும், குளிர்க் காத்து நெறைய வரும். அறை குளிர்ந்தா மெழுகு சுருங்கும், தகடு மூடிக்கிடும்.”

“கரண்டு?”

“கெடையாது.”

“கண்ணு?”

“கெடையாது.”

“பெறகு அதுக்கு எப்படித் தெரியும்?”

“குமிழைத் தொட்டுக்கிட்டுப் போற காத்துதான் சொல்லுது.”

“அது எந்தக் காத்து?”

“அறையில உள்ள காத்து. வேற எது?”

செல்வநாயகி தலையாட்டினார். “திருகை நடுக்கோட்டுல வச்சுட்டு இறங்குங்க.”

“நடுக்கோட்டுலயும் வச்சுப் பாத்தாச்சு மேடம்.”

“வச்சிய. விட்டியளா?”

ஞானப்பிரகாசம் ஏறினார். டிஃப்யூசரின் அடிமூடியை இறக்கி, முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். நேற்று அவர்தான் திருகைக் குளிர்ப் பக்கம் தள்ளி வைத்திருந்தார். நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்தார். காத்திருந்தார். தகடு ஆவென்று திறந்தே கிடந்தது.

“பாத்தியளா, மூட மாட்டேங்கு!”

“இதை ஓரத்துல கட்டிட்டு இறங்குங்க.” நர்ஸிடம் வாங்கிய, புண்ணுக்குக் கட்டும் காஸ் துணியில் ஒரு துண்டைக் கிழித்து நீட்டினார் செல்வநாயகி.

மூடியை மேலே தள்ளிவிட்டுக் கட்டினார். துணி விறைத்துப் படபடத்தது.

அவர் இறங்கியதும், செல்வநாயகி எழுந்துபோய் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டார்.

*

துணி படபடத்துக்கொண்டே இருந்தது.

“மேடம், எந்திரிங்க. ஒரே ஒரு தடவை ஏறிக்கிடுதேன்.”

“உக்காருங்க அண்ணாச்சி.”

“அவன் நடுங்குதான்.”

“பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்.”

மெஷின் ஒருமுறை கத்தியது. நர்ஸ் ஓடிவந்தாள். உச்சிமாகாளியின் கையை அழுத்திப் பிடித்து, போர்வையை இழுத்துவிட்டு, ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினாள். சத்தம் நின்றது.

“இன்னொரு தடவை அடிச்சா டாக்டர் நிறுத்தச் சொல்லிருவாங்க,” என்று ஞானப்பிரகாசத்தைப் பார்த்துச் சொன்னாள். அவர்தான் அந்தக் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருப்பது போல.

அவர் பஸ்ஸில் இப்படி ஒரு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நின்றதில்லை. கை வைத்தால் சரியாகும். அதுதான் அவருக்குத் தெரிந்த தொழில். இங்கே, நண்பன் கண்முன்னால் நடுங்கிக்கொண்டிருக்க, தன்னை விட வயதில் சின்னவள் ஒருத்தி ஏணியை மறித்து உட்கார்ந்திருக்கிறாள்.

“அவனுக்கு எதாவது ஆச்சுன்னா நீங்க பதில் சொல்லுவியளா?”

குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“சொல்லுவேன்,” என்றார் செல்வநாயகி. எழுந்திருக்கவில்லை.

ஞானப்பிரகாசம் துணியைப் பார்த்தார். உச்சிமாகாளியின் கையைப் பார்த்தார். மறுபடி துணியைப் பார்த்தார்.

எப்போது என்று அவருக்குத் தெரியவில்லை. படபடத்த துணி, அசைந்தாடும் துணியாக மாறியிருந்தது. பிறகு அந்த அசைவும் தணிந்து, கொடியில் காயும் துணி போல லேசாக ஆடியது.

உச்சிமாகாளியின் கை அடங்கியது. கண் செருகியது. கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

ஞானப்பிரகாசத்துக்கு நிம்மதி வரவில்லை. புதிதாக ஒரு பயம் வந்தது.

“மேடம், ஒரேயடியா மூடிக்கிட்டா? காத்தே வரலன்னா?”

“துணி ஆடுதுல்லா?”

“ஆடுது. இருந்தாலும்… உள்ள என்ன நடக்குன்னு தெரியணும்ல?”

செல்வநாயகி கீழ்ப்படியிலிருந்து எழுந்து விலகி நின்றார்.

“ஏறிப் பாருங்க.”

அவர் நம்ப முடியாமல் செல்வநாயகியைப் பார்த்தார். அடுத்த கணம் மூச்சிரைக்க ஏறினார். மூடியை மெல்ல இறக்கினார்.

தகடு ஒரு விரல் இடைவெளியில் நின்றது. எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு.

அவர் கண்ணை எடுக்கவில்லை. இது நிலைக்குமா? எத்தனை நாள் ஏமாற்றியிருக்கிறது! முகத்தை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனார். அப்படியே நின்றார்.

தகடு நகர்ந்தது.

முதலில் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தார். இல்லை, நகர்ந்தது. இரண்டு விரல் ஆயிற்று. மூன்று ஆயிற்று. ஓரத்துத் துணி எழும்பிப் படபடக்க ஆரம்பித்தது. கீழே உச்சிமாகாளி தூக்கத்திலேயே போர்வையைக் கழுத்துவரை இழுத்தார்.

“மேடம், திறக்கு! சத்தியமா நான் தொடவே இல்ல!”

“அறையில என்ன மாறிச்சு?”

ஏணி மேலிருந்தே சுற்றும் பார்த்தார். கதவு மூடியிருந்தது. திரை மூடியிருந்தது. விளக்குகள் அதேதான். புதிதாக யாரும் உள்ளே வரவில்லை. நர்ஸ் தன் மேசையில் எழுதிக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணும் மாறல மேடம்.”

“நல்லாப் பாருங்க.”

அவர் மறுபடி உள்ளே திரும்பினார். மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் செம்புக் குமிழ் இருந்தது. எப்போதும் பளபளக்கும் செம்பு இப்போது மங்கியிருந்தது. அதன் மேல் மெல்லிசாக ஆவி படர்ந்திருந்தது. அவர் பார்க்கப் பார்க்க ஓரத்திலிருந்து அது கரைந்தது. செம்பு மறுபடி பளபளத்தது.

அவருக்குள்ளிருந்து சூடாக ஒரு பெருமூச்சு வந்தது.

செம்பு மங்கியது.

ஞானப்பிரகாசம் வாயைப் பொத்திக்கொண்டார். மூடியைச் சத்தமில்லாமல் மேலே தள்ளினார். ஒவ்வொரு படியாக இறங்கினார்.

உச்சிமாகாளிக்கு அன்று முழு நேரமும் டயாலிசிஸ் ஓடி முடிந்தது. ஏணி சுவரோரம் மடங்கியே நின்றது.